ஊசிக்குரல்

"செத்துப்போச்சுங்க. பூண்டோட போயிடுச்சு."

உள்ளே இருந்த கணவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பறவைக்காரி. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். தோப்பில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவைத்து, ராத்திரி எந்தெந்தப் பறவை பாடியது என்று பகலில் கேட்டுச் சொல்வது அவள் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அழுதது ஊசிக்குரலுக்காக. கட்டைவிரல் அளவுக் குருவி. இருட்டினால்தான் வாய் திறக்கும். அந்த மெல்லிய குரலைக் கேட்டு அவளே வைத்த பெயர் அது.

ஊசிக்குரல் இருக்கும் தோப்பில் சட்டப்படி யாரும் கை வைக்க முடியாது. 'இல்லை' என்று அவள் எழுதிக் கொடுத்தால் மறுவாரமே ரம்பம் இறங்கிவிடும். ஆற்றோரத் தோப்பும் ஏரிக்கரைத் தோப்பும் அப்படித்தான் மொட்டையாகிப் போயின. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்.

ஈரத்துணியை அள்ளிக்கொண்டு கணவன் வந்து நின்றான். "துணி மெஷின் எவ்வளவு நேரமா கீ கீன்னு கத்துது! பக்கத்துலயே உக்காந்திருக்கே, எழுந்து நிறுத்தக் கூடாதா?"

"வேற நெனப்புல இருந்துட்டேங்க." அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "தவளை கேக்குது, ஆந்தை கேக்குது, தூரத்துல போற லாரிகூடக் கேக்குது. பாவி, அது மட்டும் இல்லையே!"

அவனுக்குத் தெரிந்த பறவையெல்லாம் காக்கையும் கோழியும்தான். ஆனாலும் பெண்டாட்டி அழுதால் தாங்க மாட்டான். துணியை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் தோளைத் தொட்டான். "அவசரப்படாதே. இன்னொரு தடவ கேட்டுப் பாரேன்."

"ராவும் பகலும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். இனிமே இழுத்தடிக்க முடியாது."

'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாள். பிறகு வழக்கம்போல, மனசு கேட்காமல், கடைசியாக ஒருமுறை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தோப்புக் காற்று அறை முழுக்கச் சலசலத்தது.

கணவன் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினான். "முதல்ல இந்தக் கருவியை ரிப்பேருக்குக் குடு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா? ஆத்தோரம், ஏரிக்கரைன்னு நீ எதைப் போட்டாலும் நடுவுல மெல்லிசா ஒண்ணு கீச்சுகீச்சுன்னு காதைக் குடையுது. எப்படித்தான் சகிச்சுக்கிறியோ!"

அவள் கண்ணைத் திறந்தாள். கை தானாகப் போய்ச் சத்தத்தை இன்னும் கூட்டியது. தவளை, ஆந்தை, லாரி.

"எந்தக் கீச்சுங்க?"

"இதோ, இப்பக்கூடக் கேக்குதே!"