மூணு தட்டு

சொல்லி வச்ச மாதிரி ராத்திரி ஏழரைக்குக் கதவு தட்டுற சத்தம் கேக்கும்.

திறந்தா, மாடி வீட்டுத் தையல்காரியோட மூணு பிள்ளைங்க. ஆளுக்கொரு தட்டு கையில.

"அத்தை, இன்னைக்கு என்ன சாப்பாடு?"

எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நாளா, ரெண்டு நாளா? முழுசா ஒரு வருஷம்!

பேர் சொல்லியெல்லாம் கூப்பிட மாட்டேன். மூத்த பொண்ணு பெரிய தட்டு. அடுத்த பையன் நடுத் தட்டு. கடைக்குட்டி சின்னத் தட்டு.

அப்போதான் எங்க வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். ஒன்பது மாசத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு தடவை பேசுற கிளின்னு ஒண்ணை வாங்கிட்டு வந்தார். பதினாலு வருஷம் இருந்துச்சு, ஒரு வார்த்தை பேசல. சரி, அது தனிக் கதை. வீட்டுல நானும் அஞ்சு வயசுப் பையனும்தான்.

அவன் ராச்சாப்பாட்டையே விட்டுட்டான். அப்பாவோட நாற்காலியைப் பார்த்துக்கிட்டு, ஒரு வாய் சோத்தைக் கன்னத்துல அடக்கி வச்சுக்குவான். ஒரு மணி நேரம் அப்படியே. கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். கடைசியில அவனும் அழுவான், நானும் அழுவேன்.

டாக்டர் எடை பார்த்துட்டு, "இன்னும் ஒரு கிலோ குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்மா"ன்னுட்டார்.

அந்த நேரம் பார்த்து இந்த மூணும் வந்து நின்னா?

யோசிச்சு யோசிச்சு ஒரே பானையில சமைப்பேன். அரிசி, பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் குழைய வெந்ததும் மேல முட்டையை உடைச்சு ஊத்தி மூடிடுவேன். அந்த மூடிகூட அந்தப் பானையோடது இல்லை. என் நாத்தனார் மாத்தி எடுத்துட்டுப் போயிட்டா, இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. அது எதுக்கு இப்போ.

மூணு பேரும் என் பையனைச் சுத்தி உட்காருவாங்க. ஒரேயடியா வாங்க மாட்டாங்க. ஒரு கரண்டி வாங்கி முடிச்சுட்டு, "அத்தை, இன்னும் ஒரு கரண்டி!" மறுபடியும், "இன்னும் ஒரு கரண்டி!" வீடே ரெண்டுபடும். சின்னத் தட்டு தட்டைக் கவுத்துக் காட்டும்.

"என் தட்டு காலி! உன்னோடது?"

என் பையனும் அள்ளி அள்ளிப் போட்டுக்குவான். மூணு மாசத்துல ரெண்டு கிலோ ஏறிட்டான். சும்மாவா, என் கைப்பக்குவம்!

ஆனாலும் மனசு கேக்கல. ஒரு நாள் மாடி ஏறிப் போய்க் கேட்டுட்டேன்.

"ஏம்மா, உங்க வீட்டுல அடுப்பே எரியாதா?"

தையல்காரி வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டுத் துணி மடிச்சிட்டிருந்தா. ஒவ்வொரு ஊசியா எடுத்துட்டுச் சிரிச்சா.

"உங்க சமையல்னா உயிரை விடுறாங்க அக்கா."

உச்சி குளிர்ந்து போச்சு எனக்கு. இறங்கி வந்துட்டேன்.

அப்புறம் அவங்க வீடு மாறிப் போயிட்டாங்க. தையல்காரியும் போய்ச் சேர்ந்துட்டா. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு.

போன வாரம் பெரிய தட்டு எங்களைப் பார்க்க வந்தா. இப்போ பஸ் ஓட்டுறா. ஹாரன் அடிக்கிற மாதிரியே பேச்சு. நல்லாச் சாப்பிட்டா. இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டதுக்கு, "கழுத்து வரைக்கும் இருக்கு அத்தை"ன்னு கையைக் கழுவிட்டா.

மருமககிட்ட நான் சும்மா இருப்பேனா?

"இவங்க மூணு பேரையும் ஒரு வருஷம் நான்தான் சோறு போட்டு வளர்த்தேன், தெரியுமா? இவங்க அம்மா அடுப்பே மூட்ட மாட்டா."

"அம்மா, போதும்மா"ன்னு பல்லைக் கடிச்சான் என் பையன்.

பெரிய தட்டு சிரிச்சா. அவ அம்மா சிரிச்ச மாதிரியே.

எல்லாரும் எழுந்தாச்சு. மேஜையில என் நாலு வயசுப் பேத்தி மட்டும் பாக்கி. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கு. அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. மருமக கெஞ்சுறா.

பெரிய தட்டு பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் ஒரு தட்டை எடுத்துக்கிட்டுக் குழந்தை பக்கத்துல போய் உட்கார்ந்தா.

"அத்தை, ஒரு கரண்டி!"

"கழுத்து வரைக்கும் இருக்குன்னியேடி?"

"ஆமா. நீங்க போடுங்க."

சாப்பிட்டா. "இன்னும் ஒரு கரண்டி!" அதையும் சாப்பிட்டுத் தட்டைக் கவுத்துக் காட்டினா.

"என் தட்டு காலி! உன்னோடது?"

பேத்தி சிரிச்சா. முழுங்கினா. தானே அடுத்த வாய் எடுத்தா.

என் கையில கரண்டி அப்படியே நின்னுடுச்சு.

"ஏய்... அப்போ அன்னைக்கு நீங்க..."

"ஆறரைக்கே வீட்டுல சாப்பிட்டுடுவோம் அத்தை. ஒரு நாள் உங்க வீட்டுல இவன் அழுத சத்தம் கேட்டு அம்மா மிஷினை நிறுத்திட்டாங்க. அடுத்த நாளே தட்டைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. நடுவுல உள்ளவன் வயிறு வெடிக்குதும்மான்னு அழுவான்."

"அடிப்பாவி, அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே! வெறும் வயித்தோடயே அனுப்பியிருக்கலாமே!"

"நாங்களும் அம்மாகிட்ட அதைத்தான் கேட்டோம்."

குழந்தையோட தட்டுல சிந்தின பருக்கையை ஒதுக்கிக்கிட்டே சொன்னா.

"பசியோட போனா நீங்க மூணு பேரும் உங்க தட்டைத்தான் பார்ப்பீங்க, அந்தப் பிள்ளை தட்டை யார் பார்க்கிறதுன்னாங்க."