சாமி பேருக்கு

நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பாலியல் புகார் கொடுத்த அன்றே, பாதுகாப்புக்காக, நீதிமன்றம் என் பெயரை மூடிவிட்டது. போனிலோ மைக்கிலோ யார் சொன்னாலும் அந்த இடத்தில் 'பீப்' ஒலிதான் வரும். நானே வெளியில் சொன்னால் பாதுகாப்பு ரத்தாகும். அம்மா "இவளே" என்று கூப்பிடப் பழகிவிட்டாள்.

இன்று என் பிறந்தநாள். கோயிலுக்குள் நுழையும்போது ஒலிபெருக்கி சொன்னது: "இன்றைய அன்னதானம், காண்ட்ராக்டர் தணிகாசலம் மகன் கோகுல்நாத் உபயம்."

கோகுல்நாத்மேல்தான் நான் புகார் கொடுத்திருந்தேன். ஜாமீனில் இருக்கிறான். அவன் பெயரில் ஓர் எழுத்துகூட மறையவில்லை. மூன்று முறை சொன்னார்கள்.

பிறந்தநாள் என்று சொல்லி அம்மா நீட்டிய அர்ச்சனைத் தட்டைக் குருக்கள் வாங்கினார். "யார் பேருக்கும்மா?"

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றாள் அம்மா அவசரமாக.

"பொறந்தநாள்னேளே. கொழந்தை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

அம்மா என் கையை அழுத்தினாள். "வேணாம்டி. கேஸ் முடியட்டும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். ஒலிபெருக்கி நான்காம் முறையாக அவன் பெயரைச் சொன்னது.

கையை விடுவித்துக்கொண்டேன்.

"அனுஷ நட்சத்திரம்," என்றேன். "பேர் நிறைமதி."