கூப்பிட்டால் திரும்பாதவள்

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மகளுக்கு, ஹெட்போன் தலையைவிடப் பெரிதாக இருந்தது. காதில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். நாலு வயதுக் குழந்தைக்கு அதுதான் பரிசோதனை. வெளியே நின்ற அம்மா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

பள்ளியில் சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. எத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உங்கள் மகள் திரும்புவதே இல்லை, காதை ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று டீச்சர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு வாயில் வைத்தது எதுவும் இறங்கவில்லை.

அப்பா நம்பவில்லை. வரும்போது பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து, வீட்டில் எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே, "கட்டெறும்பு, சாக்லேட் வேணுமா?" என்று கிசுகிசுத்துப் பார்த்தார். கழுத்து சுளுக்காத குறையாகத் திரும்பினாள் மகள்.

"சாக்லேட்னா மட்டும் எப்படியோ கேட்டுடும்" என்று அம்மா அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது இரண்டு குடும்பத்துக் காதுகளும் சந்திக்கு வந்தன. உங்கள் அத்தைக்குத்தான் காது மந்தம் என்றாள் அவள். உன் மாமா வைக்கிற டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்குமே என்றார் அவர்.

இப்போது உள்ளே கட்டைகள் ஒவ்வொன்றாக டப்பாவில் விழுந்தன. இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்த பிறகும் விழுந்தன.

சோதனை செய்த பெண் சிரித்துக்கொண்டே குழந்தையைக் கூட்டிவந்தாள். "உங்க ரெண்டு பேரையும்விட இவளுக்கு நல்லாவே கேக்குது."

அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. காது கேட்டும் திரும்பவில்லை என்றால் எத்தனை திமிர்? ஆறு மாதம் அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டு வீட்டார் கேட்டதையும் ஒன்றாக ஒட்டி, மூச்சு வாங்கும் நீளத்துக்கு ஆசையாக வைத்த பெயர் ஆயிற்றே.

அவள் வாயைத் திறக்குமுன் சோதனை செய்தவள் குழந்தைக்கு எதிரே குனிந்து, சீட்டில் இருந்த அந்த முழுப் பெயரையும் திக்காமல் சொன்னாள். "டீச்சர் இப்படிக் கூப்பிடறது உனக்குக் கேக்குதா பாப்பா?"

"கேக்குதே. தினமும் கூப்பிடுவாங்க."

"அப்புறம் ஏன் திரும்ப மாட்டேங்கிற?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் மகள் மூவரையும் பார்த்தாள்.

"நான் எதுக்குத் திரும்பணும்? அந்தப் பொண்ணுதான் ஸ்கூலுக்கே வர்றதில்லையே."