இரண்டு சாம்பல்களுக்கு நடுவே

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயிலில் அந்தத் தாடை எலும்பு தேன் நிறத்தில் கிடக்கிறது. எலும்பு தன் வயதைத் தானே சொல்லாது. அதற்கு மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பல்தான் சொல்லும். சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஆர்கான் வாயுவாக மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று இயந்திரம் முனகிக்கொண்டே அளக்கிறது. மேல் சாம்பலுக்குப் பதினெட்டு லட்சம் ஆண்டு, கீழ்ச் சாம்பலுக்கு இருபது லட்சம். நடுவில் எப்போதோ அந்த உயிர் போயிருக்கிறது. ‘பத்தொன்பது லட்சம், முன்பின் ஒரு லட்சம்’ என்று அவள் எழுதி முடிக்கும்போது, கொழுந்தன் ஒரு படிவத்தோடு வந்து நிற்கிறான். “அண்ணனோட இறப்புச் சான்றிதழுக்கு, அண்ணி. தேதி மட்டும் பாக்கி.” மூன்றாம் தேதி தனியாக மலையேறப் போனவரைப் பதினைந்தாம் தேதிதான் ஒரு பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். அந்தச் சின்னக் கட்டத்தையே வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு கை பழக்கதோஷத்தில் எழுதுகிறது: ‘ஒன்பதாம் தேதி, முன்பின் ஆறு நாள்.’ அவன் குனிந்து அதைப் படிக்கிறான். “இப்படி எழுதினா வாங்க மாட்டாங்க அண்ணி. அந்த ஆறு நாள அடிச்சிடுங்க.” அவள் பேனாவை மூடுகிறாள். “அதுல எத்தன நாள் உயிரோட கிடந்து நம்மளக் கூப்பிட்டாரோ, தம்பி. எத அடிக்கச் சொல்றே?”