வீட்டைத் தாண்டிய கம்பி

வேல்ஸ் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் பண்ணைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏழு கிலோமீட்டர் செம்புக் கம்பி; இணையமும் அதில்தான். செம்மறி விற்றால், அரசு விதிப்படி, மூன்று நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டும். பக்கம் பாதி திறந்து நின்றுவிடும்.

நான்காவது முறையாக வந்த லைன்மேன் கெத்தின், கம்பியின் நீளத்தை அளக்கும் மீட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“நெஸ்டாக்கா, கம்பி உங்க வீட்டோட முடியல. இன்னும் ஒண்ணேகால் கிலோமீட்டர் மலைமேல போகுது. அங்க யாரோ ரிசீவரை எடுத்து வெச்சிருக்காங்க. அதான் ஸ்பீடு வரல.”

“மலைமேல யாருடா இருக்கா? என் ஆடுங்கதான்.”

“அப்ப ஆடுங்ககிட்டயே சொல்லுங்க, கீழ வைக்கச் சொல்லி.”

அவன் போனதும், கெடு முடியும் ஆத்திரத்தில், மழையில் நின்று மலையைப் பார்த்துக் கத்தினேன்.

“அந்தப் போனை வெச்சுத் தொலைங்களேன்!”

உள்ளே வந்தால் ரூட்டரில் பச்சை விளக்கு. ஒரே நிமிடத்தில் விற்ற அறுபது ஆடுகளையும் பதிந்துவிட்டேன்.

புதன்கிழமை மறுபடியும் நெட் போய்விட்டது. கெத்தின் வந்து இரண்டு முறை அளந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“இப்ப நாப்பது மீட்டர்தான் கூடுதலா காட்டுதுக்கா.”

நாற்பது மீட்டரில் இருப்பது எங்கள் ஆட்டுக்கொட்டகை.

“ரிசீவர்?”

“இன்னும் கீழ வைக்கல.”

அவ்வளவு கிட்டத்தில் இருப்பவரிடம் கத்த வேண்டியதே இல்லை.