வாடகை வயலின்

"உடைச்சது யாரு?"

கடைக்காரம்மா மேஜைமேல் கிடந்த வயலினைத் தொடவில்லை. கழுத்து தனி, உடம்பு தனி. நடுவில் தந்திகள் சுருண்டு தொங்கின. குழந்தைகள் கற்றுக்கொள்ளும் சின்ன வயலின். நாலு மாதத்துக்கு முன் அவரே சுருதி சேர்த்து வாடகைக்குக் கொடுத்தது.

எதிரே பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு நின்றிருந்தார். நெற்றியில் ஒரு கட்டு. பக்கத்தில் பத்து வயது மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவா உடைச்சுது? அப்படின்னா மறுபடி கிடையாது. பொருளை மதிக்காத பிள்ளைங்களுக்கு நான் தர்றதில்ல."

"இவ இல்லம்மா. நான்தான். நாற்காலியில இருந்ததைக் கவனிக்காம உட்கார்ந்துட்டேன்."

"உட்கார்ந்தா வயிறு நசுங்கும். கழுத்து முறியாது. இதை யாரோ சுவத்துல ஓங்கி அடிச்சிருக்காங்க. இருபத்திரெண்டு வருஷமா வயலின் ஒட்டறவகிட்டயே கதை சொல்றீங்களே."

டிரைவர் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடிச்சிருந்தேன்மா. ஏதோ கோவத்துல அடிச்சுட்டேன்."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். அவர் அவள் தோளில் கை வைத்து அழுத்தினார்.

கிதார் தந்தி வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர், காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். "நெத்திக் கட்டைப் பார்த்தப்பவே நினைச்சேன். இந்த லட்சணத்துல சங்கீதம் ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

டிரைவர் கடைக்காரம்மா பக்கம் திரும்பினார்.

"என் மேல இருக்கிற கோவத்தை இவ மேல காட்டாதீங்கம்மா. கை நல்லா வருதுன்னு வாத்தியார் சொல்றார். உடைஞ்சதுக்கு நான் பொறுப்பு. இவளுக்கு இன்னொன்னு கொடுங்க."

"நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க. நான் பாப்பாகிட்ட பேசணும்."

அவர் போனதும் கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழந்தையின் எதிரே உட்கார்ந்தார்.

"பயப்படாம சொல்லு கண்ணு. குடிச்சுட்டு வந்து உன்னையும் அடிப்பாரா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அம்மாவை?"

"அப்பா குடிக்கவே மாட்டார்." வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான்தான் அடிச்சேன். மாடிப்படி சுவத்துல."

கடைக்காரம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"நல்லா இருக்கே. அந்த மனுஷன் உனக்காகக் குடிகாரன்னு பேர் வாங்கிக்கிறார், நீ பார்த்துக்கிட்டு நிக்கறே. பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுத்திருக்கலாமே?"

"பிடிக்கும்."

"பிடிச்சதையா உடைப்பாங்க?"

குழந்தையின் இடது கை விரல்கள் பாவாடை ஓரத்தில் தந்தி அழுத்துவதுபோல் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

"வயலின் வந்ததுலேர்ந்து அப்பா காலையில ஓட்டறது போதாதுன்னு சாயந்தரமும் வண்டி எடுக்கறார். வாடகைக்கும் கிளாஸுக்கும். அம்மா சொல்லியும் கேக்கலை. போன வாரம் ஓட்டும்போதே கண் அசந்து, பஸ் விளக்குக் கம்பத்துல மோதிடுச்சு. உள்ளே யாரும் இல்ல. அப்பாவுக்குத்தான் நெத்தியில தையல் போட்டாங்க. கட்டோட மறுநாளே வண்டி எடுக்கப் போயிட்டார்."

"எனக்கு வேணாம்பான்னு நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். எனக்காகப் பொய் சொல்லாதேன்னு சிரிச்சார். வயலினே இல்லேன்னா சாயந்தர வண்டிக்குப் போக மாட்டார்னு நினைச்சு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்போ இன்னொன்னு வாங்க வந்துட்டார்."

"ஏன் உடைச்சேன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. விரல் வலி தாங்காமக் கோவத்துல உடைச்சுட்டேன்னு நினைக்கிறார். திட்டக்கூட இல்ல."

கடைக்காரம்மா எழுந்துபோய், மேல்தட்டிலிருந்து வேறொரு சின்ன வயலினை இறக்கினார். தூசி தட்டினார். ஒவ்வொரு தந்தியாக முறுக்கிச் சரிபார்த்தார். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

டிரைவர் உள்ளே வந்தார்.

"வீட்டுக்கு வயலின் தர மாட்டேன்" என்றார் கடைக்காரம்மா. குரலில் பழைய கடுமை அப்படியே இருந்தது. "பொண்ணு தினமும் இங்கேயே வந்து வாசிக்கட்டும். கடைக்குள்ள வாசிக்கறதுக்கு நான் வாடகை வாங்கறதில்ல. வாத்தியாரும் நம்ம ஆளுதான். கிளாஸுக்கு என்ன பண்றதுன்னு நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

டிரைவர் "எப்படிம்மா, சும்மா..." என்று இழுத்தார்.

"சும்மா இல்ல. ஒரு கண்டிஷன் இருக்கு. நீங்களேதான் கூட்டிட்டு வரணும். அவ முடிக்கிற வரைக்கும் சுவத்தோரம் கிடக்கிற அந்த பெஞ்சை விட்டு நகரக் கூடாது. உட்கார்ந்து தூங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒரு நாள் நீங்க வரலேன்னாலும், அன்னியோட நிறுத்திடுவேன்."

"வர்றேன்மா. எத்தனை மணிக்கு?"

"சாயந்தரம் ஆறுலேர்ந்து எட்டு."

அவர் முகம் வாடிப்போனது.

"ஆறு மணிக்கு எனக்கு ரெண்டாவது வண்டி இருக்கும்மா. வேற நேரம் பார்த்துச் சொல்லுங்களேன்."

கடைக்காரம்மா அந்த வயலினைக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

"தெரியும். அதுக்குத்தான் ஆறு மணி."