முறைக்கு முறை

புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த காண்டாமிருகத் தம்பதியைப் பார்க்க, முதுகில் மூட்டையோடு கடல் கடந்து வந்திருந்தார்கள் புதுத் தம்பதியான நறுமுகையும் கதிரவனும். கிட்டே வந்ததும் இருவரும் சட்டென்று திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"இவ்வளவு தூரம் வந்து நமக்கே முதுகைக் காட்டுறாங்களே! ஒரே முட்டு முட்டட்டுமா?" என்று காலால் மண்ணைக் கிளறியது ஆண்.

"சும்மா இருங்க. அவங்க ஊர்ல அதுதான் மரியாதையோ என்னவோ! விருந்தாளி முறை செஞ்சா நாமும் திருப்பிச் செய்யணும்" என்றது பெண்.

ஆண் கோபத்தை அடக்கிக்கொண்டது. இரண்டும் ஒருசேரத் திரும்பி நின்று, வாலையும் தூக்கின.

இப்போது நறுமுகை வீட்டு ஹாலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சிரிக்கும் இரண்டு முகங்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கின்றன, இரண்டு பிரம்மாண்டமான மரியாதைகள்.